பிறப்பும் இறப்பும், ஒளியும் இருளும் ஒன்றுக்குள் ஒன்று என்று சீனத்துத் தாவோ தத்துவம் சொல்வதைத்தான் கிறிஸ்தவமும் சொல்கிறதா?

யாரையோ இழந்த பிறகு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். என் பதில்: இல்லை. இரண்டும் பக்கத்தில் வரும், ஆனால் மரணத்தின் முன்னால் பிரிந்துவிடும்.

2014-இல் அப்பா இறந்தபோது நான் சிங்கப்பூரில் ஷிப்யார்டு வேலையில் இருந்தேன். ஊருக்குப் போய் அடக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் செக்‌ஷனில் மூத்தவர் ஒரு சீனர், எல்லோரும் அங்கிள் என்போம். வெள்ளை உறையில் 31 வெள்ளி வைத்துக் கொடுத்தார். துக்கத்துக்கு அவர்கள் ஒற்றைப்படையில்தான் கொடுப்பார்கள். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் பழங்காலத் தாவோ ஞானி சுவாங் ட்சூவின் கதையைச் சொன்னார். சுவாங் ட்சூவின் மனைவி இறந்துவிட்டாள். துக்கம் கேட்க நண்பர் வந்தால், மனிதர் காலை அகட்டி உட்கார்ந்து தொட்டியைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். முதலில் தானும் கலங்கியதாகச் சொல்கிறார். பிறகு யோசித்தாராம்: அவளுக்கு உயிரே இல்லாத ஒரு காலம் இருந்தது, உருவமும் இல்லாத காலம் இருந்தது. மாறி மாறி வந்தாள், இது இன்னொரு மாற்றம், பருவங்கள் மாறுவது போல.

அங்கிளும் மனைவியை இழந்தவர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ கோபம் வந்தது. பாடுவதா?

அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். எதிரெதிரானவற்றுக்குத் தாவோவில் சொல்லும் யின், யாங் என்றால் பழைய பொருளில் மலையின் நிழல் பக்கம், வெயில் பக்கம். மலை ஒன்றுதான், பொழுது சாயும்போது நிழல் இந்தப் பக்கம் வந்துவிடும். தாவோவின் மூலநூலான தாவோ தே ஜிங் 2-ஆம் அதிகாரத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றையொன்று பிறப்பிக்கின்றன. அப்படிப் பார்ப்பவருக்குச் சாவு பகையாக இருக்க முடியாது.

பைபிளில் முதல் அதிகாரத்திலேயே கடவுள் வெளிச்சத்தையும் இருளையும் பிரித்துவிடுகிறார். பவுல் மரணத்தைக் ‘கடைசிச் சத்துரு’ என்கிறார். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். அந்த ஒரு வசனம்தான் என்னைத் தாங்கியது.

ஏசாயா 45:7-இல் இருளையும் நானே படைத்தேன் என்று கடவுள் சொல்கிறாரே என்று சிலர் வருவார்கள். படைத்தார், சரி. ஆனால் அவரில் இருள் இல்லை என்று யோவானின் முதல் நிருபம் சொல்கிறது. கத்தோலிக்க இறையியலாளர் குசாவின் நிக்கோலஸ் 1440-இலேயே எதிரெதிரானவை கடவுளிடத்தில் ஒன்றாகின்றன என்று எழுதியதும் எனக்குத் தெரியும். அவர் பேசியது எல்லையில்லாத கடவுளைப் பற்றி. நன்மையும் தீமையும் ஒன்றுதான் என்று அவர் சொல்லவில்லை. நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் அல்ல, தாவோவைக் குறைத்துப் பேசுவதும் என் நோக்கம் அல்ல.

உண்மையில் என்னைக் காயப்படுத்தியவர்கள் எங்கள் சபையார்தான். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுத அம்மாவிடம், “விசுவாசி அழக்கூடாதும்மா” என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். அதே ஆள் அன்று காலையில் ஆறு வருடச் சந்தா பாக்கியைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட விடுவோம் என்று சொல்லியிருந்தார். சித்தப்பா கடன் வாங்கிக் கட்டினார். அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை.

சிங்கப்பூரை விட்டு வருவதற்கு முன் அங்கிளிடம் போனில் யோவான் சுவிசேஷத்தைச் சீன மொழியில் காட்டினேன். நம் பைபிளில் ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று வரும் இடத்தில், 1919-இல் வந்த சீன மொழிபெயர்ப்பில் ‘தாவோ’ என்ற எழுத்தே இருக்கிறது. இரண்டு முறை படித்தார்.

“நீ சொன்னாயே, இயேசு அழுதார் என்று. அது இந்தத் தாவோவா?” என்று கேட்டார்.

“ஆமாம் அங்கிள், பதினோராம் அதிகாரம்” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே அந்த இடத்தைத் தேட ஆரம்பித்தார்.