மூன்றாவது நீட் வேண்டாம், லேபுக்குப் போகட்டும்

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. வீட்டை அடமானம் வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடு என்கிறார் தாய்மாமன். மகளோ ரத்தப் பரிசோதனை, ஆராய்ச்சி என்று லேப் பக்கமே நிற்கிறாளாம்.

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். தவணை கட்டப்போவது நீங்கள், படிக்கப்போவது அவள். மாமாவுக்கு இந்த இரண்டிலும் பங்கில்லை. விருப்பமில்லாத பிள்ளையை மூன்றாம் முறை கோச்சிங்கில் உட்கார வைத்தால் இன்னொரு வருடம்தான் போகும்.

பல் மருத்துவம், நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்வது நோயறியும் பரிசோதனைகளை மேம்படுத்தும் துறை. உங்கள் ஊர் நன்கறிந்த யானைக்கால் நோயையே எடுத்துக்கொள்வோம்.

இந்த நோயைத் தரும் புழுவின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளான நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவு 10 மணி முதல் 2 மணி வரைதான் விரல்நுனி ரத்தத்துக்கு வரும். அந்த நேரத்தில் விரலில் குத்தி, 20 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று கோடுகளாக ஸ்லைடில் தடவி, நன்றாகக் காயவிட்டு, தண்ணீரில் ஹீமோகுளோபினைக் கழுவி, பிறகு ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். காயாத ஸ்லைடைத் தண்ணீரில் இட்டால் ரத்தப்படலமே கழன்று மிதக்கும். கழுவுவதற்கு முன் மெத்தனால் விட்டால் சிவப்பு அப்படியே உறைந்து எதுவும் தெரியாது. எல்லாம் சரியாகச் செய்தாலும், புழு குறைவாக உள்ளவர் அந்த 60 மைக்ரோலிட்டரில் தப்பிவிடுவார்.

அதனால்தான் பகலிலும் செய்யக்கூடிய ஆன்டிஜென் பட்டை வந்தது; ஆன்டிஜென் என்பது புழு ரத்தத்தில் விடும் பொருள். 75 மைக்ரோலிட்டர் ரத்தம், 10 நிமிடம். தாமதித்துப் படித்தால் இல்லாத கோடு தெரியலாம். மருந்து கொடுத்து நுண்புழு மறைந்த பிறகும் ஆன்டிஜென் நெடுநாள் நீடிக்கும். கேரளத்தின் சேர்த்தலை வட்டாரத்தில் காணப்படும் புருகியா மலாயி என்ற புழு வகையை இந்தப் பட்டை காட்டாது. அதற்கு, புழுவை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் சோதனை வேண்டும். அதுவோ பழைய தொற்றையும் புதியதையும் பிரித்துச் சொல்லாது.

இலங்கை 2016-இல் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டது. இந்தியாவின் இலக்கு 2027. "ஒழியப்போகிற நோய்க்கு எதற்குப் படிப்பு?" என்று மாமா கேட்பார். நோய் குறையக் குறையத்தான் சோதனை கூர்மையாக வேண்டும். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குத் தொற்று என்று வையுங்கள். நோயில்லாதவர்களில் 98 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் கிட்கூட ஏறத்தாழ இருபது பேரை வீணாக நோயாளி என்று காட்டும். உண்மையான நோயாளிகளைப் போல இரண்டு மடங்கு! ஊர் முழுக்க மருந்து வழங்குவதை எங்கே நிறுத்துவது என்ற முடிவு இதில்தான் தடுமாறுகிறது.

இதைச் சரிசெய்வதுதான் வேலை. புழுவின் ஒரு புரதத்தைப் பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, சுத்திகரித்து, நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் பதிக்க வேண்டும். பிறகு நோயாளிகள், நோயே இல்லாத பகுதியினர், குடற்புழு போன்ற வேறு புழு உள்ளவர்கள் என எல்லோருடைய சீரத்திலும் (ரத்தத்தின் தெளிநீர்) ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது கூட்டத்தில்தான், வேறு புழுவையும் யானைக்கால் என்று காட்டி, பல நல்ல புரதங்கள் தோற்றுப்போகும். அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் காளிராஜ் குழு டபிள்யூபி-எஸ்எக்ஸ்பி-1 என்ற புரதத்தை வைத்து யானைக்கால் நோய்க்கு விரைவுச் சோதனை உருவாக்கியது; ஆகவே இது கண்காணாத தேசத்துக் கனவு அல்ல.

வழி இதுதான். பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்), அல்லது நுண்ணுயிரியல், உயிர்வேதியியல். அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.எல்.டி. சேர்க்கை இதுவரை 12ஆம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில்தான். இந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் பார்த்துவிடுங்கள். பட்டத்தோடு நின்றால் தனியார் லேபில் சொற்பச் சம்பளம், அதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. கட்டாயம். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெற்றால் ஆராய்ச்சிக்கு மாத உதவித்தொகை கிடைக்கும். கொசுப் பக்கம் ஆர்வம் திரும்பினால் புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்திலேயே எம்.எஸ்சி. பொதுச் சுகாதாரப் பூச்சியியல் இருக்கிறது.

தனியார் கல்லூரிதான் என்றால், பணம் கட்டும் முன் பல்கலைக்கழக இணைப்புக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இணைந்த மருத்துவமனை லேபுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ரத்த மாதிரிகள் வருகின்றன, அதில் மாணவர்கள் கையால் செய்பவை எத்தனை என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.