டீப் பர்ப்பிள் ராக் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பம்: கேள்வி பதில்

இது எந்த ஸ்டுடியோவில் பதிவானது?

ஸ்டுடியோவிலேயே இல்லை. 1971 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவு வண்டியை எடுத்துக்கொண்டு, கேசினோ அரங்கில் வாசிக்கப் போனார்கள். டிசம்பர் 4 அன்று அங்கே ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜப்பாவின் கச்சேரி; யாரோ கூரையை நோக்கி ஃபிளேர் துப்பாக்கியால் (தீப்பிழம்பு விடும் சமிக்ஞைத் துப்பாக்கி) சுட, கட்டடமே எரிந்துபோனது. அடுத்து பெவிலியன் அரங்கு. இரவில் சத்தம் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல். தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்தி எதிரொலியை அடக்கினார்கள். வாசித்ததைப் போட்டுக் கேட்க, பால்கனிகள் வழியாகச் சுற்றி வண்டிக்குப் போகவேண்டும். அலுத்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். டேக் (ஒரு முறை வாசித்த பதிவு) சரியா என்பதை வாசிக்கும்போதே முடிவு செய்தார்கள். ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தீயைப் பற்றிய பாட்டான 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' கிட்டார் டோனுக்கு எந்த பெடல் (கிட்டார் ஒலியை மாற்றும், காலால் இயக்கும் கருவி) வாங்கலாம்?

எதுவும் வாங்காதீர்கள். கிட்டாரிஸ்ட் பிளாக்மோர் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் இரண்டு கம்பிகளையும் விரல்களால் ஒரே நேரத்தில் இழுக்கிறார். கீபோர்டு வாசிக்கும் ஜான் லார்டும் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கை) வாசிக்கிறார். அந்தக் கனம் இருவருடையது.

பவர் கார்டில் (ஒரு ஸ்வரமும் அதன் பஞ்சமமும் சேர்ந்த இணைப்பில்) வாசித்தால் என்ன? அதே ஜி, டி தானே?

அதே ஸ்வரங்கள்தான், ஆனால் தலைகீழ். ஜி-யை ச என்று வையுங்கள். பவர் கார்டில் ச கீழே, ப மேலே. பிளாக்மோர் ப-வைக் கீழே வைக்கிறார். நான்காம், மூன்றாம் கம்பிகளைத் திறந்தபடி இழுங்கள், அப்புறம் மூன்றாம், ஐந்தாம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டை).

மேடையில் எல்லாரும் பவர் கார்டில்தானே வாசிக்கிறார்கள்? கேட்பவருக்கு என்ன தெரியப்போகிறது?

தெரியும். பவர் கார்டில் அடிஸ்வரம் மாறி, ரிஃப் தடித்துப்போகிறது. அதன் கூர்மை போய்விடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். எல்லாரும் செய்வதால் சரியாகிவிடாது.

தீயில் எத்தனை பேர் இறந்தார்கள்?

யாரும் இல்லை. மான்ட்ரோ ஜாஸ் விழாவை நடத்திய கிளாட் நோப்ஸ் உள்ளே ஓடி இளைஞர்களை வெளியே கொண்டுவந்தார். பாட்டில் வரும் 'ஃபங்கி கிளாட்' அவர்தான்.

இந்தப் பாட்டு ஹிட்டாகும் என்று நினைத்தார்களா?

இல்லை. அவர்கள் நம்பி முதலில் சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) விட்டது 'நெவர் பிஃபோர்'. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' அமெரிக்காவில் சிங்கிளானது 1973-ல். அங்கே பாட்டுகளின் தரவரிசையில் 4-ஆம் இடம் வரை போனது.

பாடியது, பின்னாளில் குழுவில் பாடிய கவர்டேலா?

இயன் கில்லன்.

என்ன பெடல் என்று சொல்லவில்லையே?

மேலே சொல்லிவிட்டேன். விரல்.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

1997 பதிப்பில் குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் ரோஜர் குளோவரின் புதிய மிக்ஸும் (ஒலிக்கலவையும்), ஆல்பத்தில் விடுபட்ட 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' பாட்டும் உண்டு. ஆனால் முதலில் 1972 மிக்ஸைக் கேளுங்கள், முழுவதும், ஒரே மூச்சில்.