கேளுங்கள், சொல்கிறோம்: இந்த வாரம் சுவிட்சர்லாந்து

கடற்கரை கிடையாது. நிலக்கரி, எண்ணெய் எதுவும் இல்லை. பாதிக்கு மேல் மலை. சுவிட்சர்லாந்து எப்படிப் பணக்கார நாடானது?
– கானாடுகாத்தான் வாசகர்

உங்கள் தெருவிலேயே பதில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. ஊரில் விளைந்தது எது? சுவிஸ்காரர்களும் அப்படித்தான். சரக்கு வெளியிலிருந்து வரும், கை அவர்களுடையது.

கோகோ மரம் ஒன்றுகூட இல்லாத நாடு அது. பாலில் உள்ள தண்ணீர் கோகோவின் கொழுப்போடு சேராது, சேர்த்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். 1875-இல் வெவே என்ற ஊரில் டேனியல் பீட்டர், தண்ணீர் சுண்டிய கெட்டிப்பாலைச் சேர்த்துப் பால் சாக்லேட் செய்தார். தங்கச் சுரங்கம் என்று சொல்லிக்கொள்ளவும் அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் இத்தாலி எல்லையை ஒட்டிய டிச்சினோ மாநிலத்தில் உலகத்துத் தங்கத்தை உருக்கி ஆயிரத்துக்கு 999.9 பங்கு சுத்தமாக்கும் ஆலைகள் உள்ளன. இந்தியாவுக்குத் தங்கம் அனுப்பும் நாடுகளில் முதலிடம் சுவிஸுக்குத்தான். உங்கள் வீட்டுக் கழுத்திரு (செட்டிநாட்டுத் திருமாங்கல்ய மாலை) பழையது என்றால் தப்பித்தது. நேற்று வாங்கிய வளையல் அந்த வழியாக வந்திருக்கலாம்.

அடியும் பட்டிருக்கிறார்கள். 1970-களில் பேட்டரியில் ஓடும் ஜப்பானிய குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்ததும், சுமார் 90,000 பேர் வேலை பார்த்த கடிகாரத் தொழில் பதினைந்து ஆண்டுகளுக்குள் 30,000 சொச்சத்துக்குச் சுருங்கியது. 1983-இல் வந்த பிளாஸ்டிக் ஸ்வாட்ச்தான் தூக்கி நிறுத்தியது. வழக்கமாக 90-க்கு மேல் பாகங்கள் பிடிக்கும் கடிகாரத்தை 51 பாகங்களில் முடித்தார்கள். இன்று ஏற்றுமதியில் முதலிடம் கடிகாரத்துக்கும் இல்லை, சாக்லேட்டுக்கும் இல்லை. மருந்துக்கு.

இன்னொரு காரணம் பெட்டியடிப் பையன் முறை, அதாவது கடையில் வேலை பார்த்துக்கொண்டே தொழில் பழகுவது. பதினைந்து, பதினாறு வயதில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள்: வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, மீதி நாள் பள்ளிக்கூடம், கையில் சிறு சம்பளம். நம்மவர்கள் கொண்டுவிக்கப் போன (கடல் கடந்து தொழில் செய்யப் போன) ஊர்களில் கணக்குப் படித்தது இப்படித்தான். நாம் விட்டுவிட்டோம், அவர்கள் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

பணம் போட்டவரிடமே வட்டி பிடித்தார்களாமே? எங்கள் தாத்தா கேட்டால் சிரிப்பார்.
– தேவகோட்டை வாசகர்

சிரிக்கட்டும், ஆனால் விஷயம் உண்மை. 2015 ஜனவரியிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல், மற்ற வங்கிகள், நம் ரிசர்வ் வங்கி போன்ற சுவிஸ் தேசிய வங்கியில் வரம்புக்கு மேல் வைத்த தொகைக்கு ஆண்டுக்கு 0.75 சதவீதம் பிடித்தார்கள். லட்சத்துக்கு 750. சாதாரணச் சேமிப்புக் கணக்குகள் பெரும்பாலும் தப்பின. காரணம், உலகம் பயந்தபோதெல்லாம் பணம் சுவிஸ் நாணயமான பிராங்குக்கு ஓடுகிறது. பிராங்க் ஏறினால் ஜெர்மனியில் சுவிஸ் இயந்திரத்தின் விலை ஏறும், ஆர்டர் குறையும். ஆகவே, 'தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள்' என்று சொல்லும் வட்டி அது. 2022 செப்டம்பரில் கைவிட்டார்கள். 2025 ஜூனில் நடப்பு வட்டியை மறுபடி பூஜ்யத்துக்கு இறக்கினார்கள்.

கறுப்புப் பணம் இன்னும் அங்கே பத்திரமா?
– பள்ளத்தூர் வாசகர்

இல்லை. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ரகசியப் பிரிவு இருக்கிறது. ஆனால் இந்தியர்களின் கணக்கு விவரம் 2019 முதல் ஆண்டுதோறும் நம் வருமானவரித் துறைக்குத் தானாக வந்துவிடுகிறது. எண் மட்டும் போட்ட கணக்கிலும் ஆள் யார் என்று வங்கிக்குத் தெரியும்.

தலைநகர் ஜூரிச்சா, ஜெனீவாவா?
– காரைக்குடி மாணவி

இரண்டும் இல்லை, பெர்ன். சட்டத்தில் அதற்கும் தலைநகர் என்ற பட்டம் இல்லை, 'கூட்டாட்சி நகரம்' என்றே பெயர். 26 மாநிலங்களும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத நாடு. ஈழத்தமிழர் வழிபடும் சைவக் கோயில் ஒன்று பெர்னின் 'சமயங்களின் இல்ல'த்தில், ஒரே கூரையின் கீழ் மசூதிக்கும் புத்த விகாரைக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஜூரிச் பெரிய நகரம், வங்கியும் காப்பீடும் அங்கே. ஜெனீவா பிரெஞ்சு பேசும். செஞ்சிலுவைச் சங்கம், உலக சுகாதார நிறுவனம், உலக வர்த்தக அமைப்பு எல்லாம் அங்கே. பாசல் மருந்து நகரம். அங்கே 8-ஆம் எண் டிராம் ஜெர்மனிக்குள் போகிறது, 3-ஆம் எண் பிரான்ஸுக்குள். ஏறும்போது பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

மகள் ஜூரிச்சில் இருக்கிறாள். மூன்று மாதம் தங்கப் போகிறேன். என்ன கொண்டுபோகலாம்?
– புதுவயல் வாசகி

ஆச்சி, முதலில் கொண்டுபோகக் கூடாதவை. உப்புக்கண்டம் வேண்டாம். நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் அங்கே தடை, சுங்கத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். கருவேப்பிலை, முருங்கைக்காய், மாங்காய்க்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். ஒரு கொத்து இலைக்கும் அதே விதிதான். எண்ணெயில் சுட்ட தேன்குழல், சீப்புச்சீடை, அரைத்த மசாலாப்பொடி தாராளமாகப் போகட்டும்.

சுத்த சைவம் என்றால் பாலாடைக்கட்டியில் கவனம். குரூயேர் வகையில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, இங்கேயே 'ஜே' வகை அடாப்டர் வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். குப்பையை விலை கொடுத்து வாங்கிய பையில்தான் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடைகள் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிடுங்கள்.

விசா 180 நாளில் 90 நாளுக்குத்தான். 'மூன்று மாதம்' என்று தேதியைக் கணக்கிடாதீர்கள், ஜூலையும் ஆகஸ்டும் 31 நாள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு வேண்டும்.

பெற்றோரை யுங்ஃப்ராவ் மலைக்கு அழைத்துப் போகலாமா? பாஸ் எடுத்தால் போதுமா?
– குன்றக்குடி வாசகர்

போதாது, பலர் ஏமாறும் இடம் இது. ரயில், பஸ், படகுக்குச் சேர்த்து எடுக்கும் சுவிஸ் டிராவல் பாஸ், அடிவார ஊர்களான கிரின்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் செல்லும். மேலே போக 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். மேல் நிலையத்தின் உயரம் 3,454 மீட்டர். கோடையிலும் பனி, காற்று மெல்லிசு. இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். டிக்கெட் வாங்குமுன் உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் அத்தனை பணமும் வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான்.

எங்களைக் கேட்டால் வயதானவர்களுக்கு ரிகி மலை நல்லது. 1,800 மீட்டருக்குள்தான். லூசெர்னிலிருந்து படகு, பிறகு 1871 முதல் ஓடும் பல்சக்கர ரயில், இரண்டுக்கும் பாஸே போதும்.

யுங்ஃப்ராவ்தான் என்றால் இன்டர்லாக்கன் ஓஸ்ட்டில் ரயில் ஏறும்போது பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைப் படியுங்கள். ஸ்வைலூட்ஷினன் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கிரின்டல்வால்டுக்கும் மறுபாதி லௌடர்புருன்னனுக்கும் போகும். அப்பா ஒரு பெட்டியிலும் நீங்கள் ஒரு பெட்டியிலும் இருந்துவிடாதீர்கள்.