டபிள்யூ, ஆர் வந்தால் முறுக்கு

அன்புள்ள சார்,

என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் சேர்ந்திருக்கும் இணைய வகுப்பில் ஆங்கிலச் சொற்களை எழுத்துவாரியாகச் சொல்லித் தருகிறார்கள். ஜிஎல் என்று தொடங்கினால் ஒளி, எஸ்என் என்றால் மூக்கு. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தே பொருள் சொல்லிவிடலாம், அகராதியே வேண்டாம் என்கிறார்கள். எழுத்துக்கு உண்மையிலேயே பொருள் உண்டா? இல்லையென்றால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

ஒரு வாசகி, தென்காசி

*

அன்புள்ள வாசகிக்கு,

பட்டியல் சரி, ‘அகராதி வேண்டாம்’ என்பதுதான் வம்பு.

ஜிஎல்லையே எடுத்துக்கொள்வோம். கிளிட்டர் என்றால் மினுமினுப்பது. கிளிம்மர் மங்கலாக மினுங்குவது. கிளின்ட் ஒரு கணம் பளிச்சிட்டு மறைவது. கிளிஸன் ஈரம் பட்டதுபோல் மின்னுவது (எழுதும்போது நடுவில் ஒரு டி உண்டு, சொல்லும்போது கிடையாது). கிளேர் கண்ணைக் கூசவைப்பது. இத்தனை சொற்கள் தற்செயலாக ஓரிடத்தில் கூடியிருக்க முடியாது. ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1930-இல் இப்படிப்பட்ட ஒலிக்கூட்டுகளுக்கு ‘ஃபோனெஸ்தீம்’ என்று பெயர் வைத்தார். தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் எழுதியவர் அவர். நம் ஆட்கள் பலருக்கு அவரைத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் கிளவ் கையுறை, கிளூ பசை, கிளட்டன் சாப்பாட்டு ராமன். இவற்றில் ஒளி எங்கே? பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸும் இதே ‘க்ல’ ஒலியைப் பற்றிப் பேசுகிறார். வழுக்கிக்கொண்டு போகும் நாக்கை ‘க்’ பிடித்து நிறுத்துகிறது, அதனால் இந்த ஒலி பிசுபிசுப்பையும் இனிப்பையும் காட்டுகிறது என்பது அவர் வாதம். கிரேக்கச் சொற்களை வைத்துப் பார்த்தால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. குளுக்கோஸ் அந்த வழியில் வந்ததுதானே! ஆக, ஒளி அந்த ஒலிக்குள் இல்லை. ஆங்கிலத்தில் சில சொற்கள் அப்படி அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

எஸ்என் இன்னும் வேடிக்கை. ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோந்து பார்ப்பது, ஸ்னவுட் விலங்கின் நீண்ட மூக்கு, ஸ்னீஸ் தும்மல். இந்தத் தும்மல் பிறக்கும்போது எஸ்என் சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது எஃப்என் என்று தொடங்கியது. பிறகு எஃப்என்னில் தொடங்கும் சொற்கள் மொழியில் அருகிப்போயின. அந்தக் கால நீள எஸ்ஸும் எஃப்பும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஏற்கெனவே எஸ்என்னில் மூக்குச் சொற்கள் இருக்க, தும்மலும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. ஸ்னோவும் (பனி) ஸ்னெய்லும் (நத்தை) அதே எழுத்துகளில் தொடங்கி மூக்கோடு ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது அதுதான்: டபிள்யூஆர். ரிங் என்றால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது. (மோதிரத்துக்கும் மணிக்கும் உள்ள ரிங்கில் டபிள்யூ கிடையாது, தேர்வில் இங்கேதான் கவிழ்ப்பார்கள்.) ரிஸ்ட், திருப்புகிற மணிக்கட்டு. ரெஞ்ச், வெடுக்கென்று திருகுவது. ரெஸில், மல்லுக்கட்டுவது. ரைத், வலியில் உடம்பை முறுக்கித் துடிப்பது. ரீத், மலர்வளையம். ரிங்கிள், தோலில் விழும் சுருக்கம். ரை, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. ராங் என்பதற்கே முதலில் கோணல் என்றுதான் பொருள். நாம் கோணல் புத்தி என்கிறோமே, அந்த மாதிரி. இவற்றில் பெரும்பாலானவை ‘திருப்பு, வளை’ என்ற பொருளுள்ள ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ஜான் வாலிஸ் என்பவர் 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இந்த டபிள்யூஆர் கோணலைக் குறித்துவைத்துவிட்டார். முடிவிலிக்கு, படுத்துக் கிடக்கும் எட்டைக் குறியாகப் போட்ட கணித மேதையும் அவரேதான். இன்று ஊமையாகிவிட்ட அந்த டபிள்யூவை ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் வாய் குவித்து உச்சரிக்கவும் செய்தார்கள்.

இவ்வளவு கட்டுக்கோப்பான குடும்பத்திலும் முதல் இரண்டு எழுத்தை நம்பி விடை எழுதினால் மாட்டிக்கொள்வோம். ரெக் என்றால் உடைந்த கப்பல், இடிபாடு. ரீக் என்றால் பழிதீர்ப்பது, நாசம் விளைவிப்பது. ரெச் இன்று பரிதாபமான ஆள், முதலில் ஊரைவிட்டு விரட்டப்பட்டவன். இவை விரட்டுதல் என்ற வேறொரு வேரிலிருந்து வந்தவை. ரைட், அதாவது எழுதுவது, கீறுவதிலிருந்து வந்தது. ரென் ஒரு சின்னக் குருவி.

ஆகவே மகளின் நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பொருள் தெரிந்த சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ள அது நன்றாக உதவும். தெரியாத சொல் வந்தால் அகராதிதான். அப்புறம், ஒவ்வொரு பட்டியலுக்குக் கீழேயும் சேராத சொற்களுக்கு நாலு வரி இடம் விடச் சொல்லுங்கள். கிளவ்வும் ஸ்னோவும் ரென்னும் அங்கே வரட்டும்.

பணத்தைக் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள். மீதி வகுப்புகளையும் விடாமல் கேட்கட்டும், டபிள்யூஆர் இனிமேல்கூட வரலாம்.