வாசகர் கேள்விகள்: கானமயிலும் மின்கம்பியும்

வயல்வெளியில் தூரத்தில் நிற்பது கானமயிலா, பெண் மயிலா? எப்படிப் பிரித்தறிவது?

கானமயில் (Great Indian Bustard) என்பது புல்வெளியில் வாழும் அரிய, கனத்த பறவை. முதலில் அது நிற்கும் விதத்தைப் பாருங்கள். கானமயில் உடலைத் தரைக்கு இணையாக வைத்து, நீண்ட வெளிர் கழுத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி நிற்கும். தலையில் கறுப்புத் தொப்பி போட்டதுபோல் இருக்கும். மயிலுக்குள்ள கொண்டை இருக்காது. முதுகு பழுப்பு. ஆணின் மார்பில் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும். பெட்டைக்கு அது இருக்காது, இருந்தாலும் அறுந்து அறுந்து தெரியும். வளர்ந்த ஆணின் உயரம் சுமார் ஒரு மீட்டர், எடை பத்து கிலோவைத் தாண்டும். பெட்டை எடையில் அதில் ஏறக்குறைய பாதி.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? காலடித் தடத்தைத் தேடுங்கள். கானமயில் குடும்பத்தில் எந்தப் பறவைக்கும் பின்விரல் கிடையாது. மண்ணில் முன்விரல் மூன்று மட்டுமே பதியும். கிளையைப் பற்ற முடியாததால் இவை மரத்தில் அமர்வதே இல்லை. நீங்கள் பார்த்த பறவை மரத்திலோ கம்பத்திலோ உட்கார்ந்திருந்தால் அது கானமயில் அல்ல.

கம்பியில் உட்காராத பறவை கம்பியால் சாவது எப்படி? கம்பிக்கு உறை போட்டால் தீராதா?

தீராது. உறை மின்சாரம் தாக்காமல் காக்கும். கானமயிலைக் கொல்வதோ மோதல். கனத்த உடலோடு வேகமாகப் பறக்கும் பறவை கம்பியில் இடித்தால் இறக்கையோ கழுத்தோ முறிந்துவிடும். மின்சாரமே ஓடாத கம்பியும் கொல்லும்.

காரணம் கண் அமைப்பில் இருக்கிறது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும்; எதிரே இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு மிகக் குறுகல். ஆப்பிரிக்காவின் கோரி கானமயிலைச் சோதித்ததில், பறக்கும்போது தலையை 25 டிகிரி தாழ்த்தினாலே போகும் திசையில் எதுவும் தெரியாமல் போகும் என்று தெரியவந்தது. இரையையோ இனத்தையோ தேடித் தரையை நோக்கியபடி பறக்கும் பறவைக்கு எதிரே கம்பி இருப்பதே தெரியாது. தெரியும்போதும் அந்தக் கனத்தோடு சட்டென்று திரும்ப முடியாது. மின்கோபுரத்தின் உச்சியில் போகும் மெல்லிய தரைக்கம்பிதான் (மின்னலைத் தரைக்குக் கடத்தும் எர்த் கம்பி) அதிக ஆபத்து. தடித்த கம்பியைப் பார்த்து மேலே எழும் பறவை அதில் சிக்குகிறது.

அதனால் பளபளக்கும் தட்டு, சுருள் போன்ற எச்சரிக்கைக் குறிகளை மாட்டும்போது தரைக்கம்பியை விட்டுவிடக் கூடாது. ஐந்து முதல் பத்து மீட்டருக்கு ஒன்று வேண்டும். காற்றில் சுழன்று சுழன்று பிடிப்பு தேய்ந்து விழுந்துவிடுவதால், மாட்டியதோடு வேலை முடியாது. வரிசையாக நடந்து பார்த்து மாற்ற வேண்டும். அத்தனையும் செய்தாலும் பலன் பறவைக்குப் பறவை மாறும். தென்னாப்பிரிக்காவின் காரூ சமவெளியில் குறி மாட்டிய பிறகு நீலக் கொக்குகளின் சாவு பெருமளவு குறைந்தது; லுட்விக் கானமயிலின் சாவு குறையவே இல்லை. எனவே கானமயில் வாழும் இடத்தில் குறிகளை மட்டும் நம்புவது எங்கள் பார்வையில் தவறு. தாழ்வழுத்தக் கம்பிகளைப் புதைக்கலாம், புதைக்கத்தான் வேண்டும். மிக உயரழுத்தக் கம்பிகளைப் புதைப்பது கடினம், செலவும் அதிகம். அவற்றின் தடத்தைத் திட்டம் போடும்போதே வாழிடத்துக்கு வெளியே திருப்ப வேண்டும். உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் பரந்த நிலப்பரப்பில் கம்பிகளைப் புதைக்கச் சொல்லிப் பிறப்பித்த உத்தரவை 2024 மார்ச்சில் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது இந்தச் சிக்கலால்தான்.

தமிழ்நாட்டில் கானமயில் உண்டா?

இப்போது இல்லை. தெற்கில் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்துச் சிறுகுப்பா கரிசல் நிலத்தில் ஓரிரு பறவைகள் பதிவாகியுள்ளன. மிச்சமிருப்பவற்றில் பெரும்பகுதி ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் வட்டாரத்தில்.

கோழி போலக் கூண்டில் வளர்த்துப் பெருக்க முடியாதா?

முடியும், ஆனால் மெதுவாக. பெட்டை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறுந்தரையில். சுமார் நான்கு வாரம் தனியாக அடைகாக்கும், ஆண் உதவாது. அந்த ஒற்றை முட்டையை நாயோ நரியோ காகமோ தின்றுவிட்டால் முயற்சி வீண். 2019 முதல் காட்டில் எடுத்த முட்டைகளைப் பொரிக்க வைத்து, ராஜஸ்தானின் சம், ராம்தேவ்ரா என்னும் ஊர்களில் உள்ள இனப்பெருக்க மையங்களில் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பொரித்தது. ராம்தேவ்ராவில் ஆணைப் பொம்மைப் பெட்டையோடு பழக்கி விந்தெடுத்து, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தாண்டி சம் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். மனிதர் கையில் வளர்ந்த பறவை மனிதருக்குப் பயப்படாது; அதை அப்படியே வெளியே விட முடியாது. அவற்றின் குஞ்சுகளை ஆள் முகம் தெரியாமல் வளர்த்து விடுவதே வழி. கம்பிகள் அப்படியே இருந்தால் விட்ட பறவையும் அதே கம்பியில்தான் மோதும்.

புல்வெளியில் மரம் நட்டு உதவலாமா?

தயவுசெய்து வேண்டாம். எதிரி வருவதைத் தூரத்திலேயே காண இப்பறவைக்குத் திறந்த வெளி வேண்டும். நீங்கள் நடும் மரம் முட்டை திருடும் காகத்துக்கு அமரும் இடமாகும். உதவ விரும்பினால் பரவிவிட்ட சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். முட்டையிடும் பருவத்தில் ஆடுமாடும் நாயும் நுழையாமல் பாருங்கள். பயறு, சிறுதானிய வயல்களில் பூச்சிமருந்தைக் குறையுங்கள். வெட்டுக்கிளியும் வண்டும்தான் அங்கே கானமயிலின் முக்கிய உணவு.