கொலையாளியை எழுதப் போய் ‘நபர் 1’-இடம் மாட்டிக்கொண்ட கதை

கேள்வி: தொலைக்காட்சித் தொடர்களில் வரும் கூலிக்கொலையாளியை வெறும் வில்லனாக விட்டுவிடாமல், வெறுக்கவும் முடியாத, மன்னிக்கவும் முடியாத ஒரு மனிதனாக எழுத்தாளர்களும் நடிகர்களும் எப்படி உருவாக்குகிறார்கள்?

சில வருடங்கள் தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைத்தவன் நான். பெரிதாகச் சாதித்துவிடவில்லை. ஆனால் இந்தக் கேள்வியில் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன் என்பதால் பதில் சொல்லத் துணிகிறேன்.

ஒரு குற்றத் தொடரில் கூலிக்கொலையாளி பாத்திரத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்து வயதில் தாயை இழந்தவன், குடிகாரத் தந்தையிடம் அடிவாங்கி வளர்ந்தவன், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தங்கை ஒருத்தி, பெண்களையும் குழந்தைகளையும் தொடமாட்டேன் என்கிற கொள்கை. நான்கு பக்கத்துக்கு அவன் பூர்வகதையை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்த வேடத்தில் நடிக்கவிருந்தவர் நாடக மேடையிலிருந்து வந்த மூத்த நடிகர். நிதானமாகப் படித்து முடித்தார்.

“எல்லாம் சரி தம்பி. முதல் காட்சியில் ஒருத்தரைச் சுடுகிறேனே, அவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்?”

காகிதத்தைப் புரட்டினேன். அங்கே ‘நபர் 1’ என்று இருந்தது. கதவைத் திறக்கிறார், சாகிறார். அவ்வளவுதான்.

“இவர் யாரென்றே தெரியவில்லை. அப்புறம் நான் எதைப் பார்த்து நடிப்பது?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நியாயமான கோபம்தான்.

அன்றிலிருந்து எந்தத் தொடரில் கொலையாளி வந்தாலும் என் கண் முதலில் சாகப்போகிறவர் மேல்தான் போகிறது. என்னுடைய பதிலும் அங்கேதான் இருக்கிறது. கொலையாளியின் குழந்தைப் பருவத்தைத் துழாவிக்கொண்டிருப்பதைவிட, அவன் கையால் சாகிறவருக்குத் திரையில் நேரம் கொடுத்தால் போதும்; அதற்குப் பிறகு அவனுக்கு விடியும் நாட்களையும் தப்பவிடாமல் காட்டினால் போதும். பூர்வகதை அநேகமாக வக்கீல் வாதமாகத்தான் முடிகிறது. ‘என் கட்சிக்காரர் பட்ட கஷ்டங்களைக் கணக்கில் கொண்டு தண்டனையைக் குறைக்க வேண்டும்’ என்கிற வாதம். பார்ப்பவரும் இளகிக் குறைத்துவிடுவார். அத்தோடு சிக்கல் அவிழ்ந்துபோகும்.

(இதற்கு மேல் சில தொடர்களின் முக்கியமான முடிச்சுகளை அவிழ்க்கப் போகிறேன். பார்க்காதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.)

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் ‘தி அமெரிக்கன்ஸ்’. 2013 முதல் 2018 வரை ஆறு பருவங்கள் (சீசன்கள்) வந்தது. உருவாக்கியவர் ஜோ வைஸ்பெர்க், முன்னாளில் சி.ஐ.ஏ. அதிகாரியாக இருந்தவர். 1980-களில் வாஷிங்டன் புறநகரில் சாதாரண அமெரிக்கத் தம்பதியாக வாழும் இரண்டு சோவியத் உளவாளிகள்தான் கதை. 2015-இல் வந்த மூன்றாம் பருவத்தில் ஓர் இரவு. எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் தபால் சுமக்கும் இயந்திரம் ஒன்று பழுதுபார்க்க ஒரு பட்டறைக்கு வந்திருக்கிறது. அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தக் கணவனும் மனைவியும் திருட்டுத்தனமாக நுழைகிறார்கள். கீழே கணவன் இயந்திரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். மாடியில் ஆள் இருக்கும் சத்தம் கேட்டு மனைவி எலிசபெத் மேலே போகிறாள். மேசை விளக்கடியில் ஒரு மூதாட்டி கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். பெயர் பெட்டி. முகத்தைப் பார்த்துவிட்டார் என்பதைத் தவிர அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

என்னைப் போன்ற ஆள் எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அவர்கள் அந்த அம்மாவைப் பேச விடுகிறார்கள். செத்துப்போன கணவரைப் பற்றி, மகனைப் பற்றி, இந்நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது ஏன் என்பதைப் பற்றி. எலிசபெத்தும் பேசுகிறாள். ஊரெல்லாம் பொய் சொல்லி வாழ்கிறவளுக்கு மனம்விட்டுப் பேச இந்த ஒருத்தர்தான் வாய்க்கிறார், ஏனென்றால் கேட்டதை வெளியே சொல்ல அவர் இருக்கப்போவதில்லை. பேச்சுக்கு நடுவே அந்த அம்மாவின் இதய மாத்திரைகளை எடுத்து ஒவ்வொன்றாக விழுங்க வைக்கிறாள். கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது, மாத்திரைதான். அடுத்த மாத்திரை, அடுத்த வார்த்தை. இப்படிச் செய்தால் உலகம் மேலானதாகிவிடுமா என்று பெட்டி கேட்கிறார். வருந்துகிறேன், ஆகும் என்கிறாள் எலிசபெத். தீயவர்கள் தீமை செய்யும்போது தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வது இதைத்தான் என்கிறார் பெட்டி.

பெட்டியாக நடித்த லோயிஸ் ஸ்மித் இதில் கெஞ்சிக் கூத்தாடவில்லை. அவர் கெஞ்சியிருந்தால் கெரி ரஸ்ஸலின் எலிசபெத்துக்கு வேலை எளிதாகியிருக்கும்: கல்லாக உட்கார்ந்திருந்தால் போதும். எதிரே இருப்பவர் பாட்டிபோல உரையாடிக்கொண்டே இருப்பதால் இவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். கொலை செய்கிறவளுக்கு மரியாதை தவற முடியாத சங்கடம். கொலையாளியின் அறச்சிக்கல் என்று பெரிய வார்த்தையில் நாம் பேசுவது, திரையில் இந்த அளவுக்குச் சின்னதாக, இத்தனை உபசாரமாகத்தான் வருகிறது.

கொலைக்குப் பிந்தைய நாட்களுக்கு உதாரணம் ‘பெட்டர் கால் சால்’ தொடரின் மைக், போதைப்பொருள் முதலாளி ஒருவரிடம் வேலை பார்ப்பவன். பூமிக்கடியில் ரகசிய ஆய்வகம் கட்ட அழைத்துவரப்பட்ட வெர்னர் என்கிற ஜெர்மானியப் பொறியாளருக்கு மனைவியின் நினைப்பு தாங்கவில்லை. காவலை ஏமாற்றிவிட்டு வெளியே போய்விடுகிறார். முதலாளி அவரை உயிரோடு விடமாட்டார் என்று தெரிந்ததும் மைக்கே அந்தக் காரியத்தை ஏற்கிறான். 2018-இல் வந்த நான்காம் பருவத்தின் கடைசி எபிசோட். தன்னைப் பார்க்க வந்த மனைவியைப் பத்திரமாக ஊருக்குத் திருப்பி அனுப்ப, போனில் கடைசியாக ஒரு பொய் சொல்லிவிட்டு வெர்னர் பாலைவன இருட்டுக்குள் நட்சத்திரங்களைப் பார்த்தபடி நடக்கிறார். கேமரா மிகத் தள்ளி நிற்கிறது. பின்னால் மைக்.

இத்தோடு முடித்திருந்தால் அது சோகமான கொலைக்காட்சி, அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் மைக் ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். சுவரில் ஒரு தபால் அட்டை, சிட்னி ஓபரா மாளிகையின் படம். அதைக் கழற்றச் சொல்கிறான். மதுக்கூடக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நமக்குப் புரிகிறது, ஏனென்றால் முந்தைய பருவத்தில் ஏதோ ஒரு பேச்சில், அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களில் தன் தந்தையும் ஒருவர் என்று வெர்னர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ‘என் மனசாட்சி உறுத்துகிறது’ என்று ஒரு வசனம் எழுத எனக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்தத் தபால் அட்டையை எழுத, ஒரு வருடத்துக்கு முன்பே வெர்னரை அப்பாவைப் பற்றிப் பேச விட்டிருக்க வேண்டும். கதை விவாதத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அங்கே முதலில் வெட்டுப்படுவது, சாகப்போகிறவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசும் வசனம்தான்.

மைக்கைப் பற்றி இன்னொரு விஷயம், நடிகர் பக்கத்துக்கு இதிலிருந்து போய்விடலாம். இந்தப் பாத்திரம் முன்கூட்டித் திட்டமிட்டுப் பிறந்ததல்ல. 2009-இல், ‘பெட்டர் கால் சால்’ கிளைத்து வந்த மூலத் தொடரான ‘பிரேக்கிங் பேட்’ இரண்டாம் பருவத்தின் முடிவில் வக்கீல் சால் வரவேண்டிய காட்சிக்கு பாப் ஓடன்கர்க்கால் வர முடியவில்லை, வேறொரு தொடரில் இருந்தார். அந்த இடத்தை நிரப்ப எழுதப்பட்டவன்தான் மைக். ஜோனதன் பேங்க்ஸ் வந்து நின்றார். அந்த முகத்தையும் அசையாமையையும் பார்த்த பிறகுதான் இவனுக்கு ஒரு மருமகள், பேத்தி, செத்துப்போன மகன் எல்லாம் முளைக்கிறார்கள். தொடரில் எழுத்தும் படப்பிடிப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நடிகர் இன்று செய்தது அடுத்தடுத்த எபிசோடுகளின் எழுத்தை மாற்றிவிடும். தன் பாத்திரம் எங்கே போய் முடியும் என்பது பல நேரம் நடிகருக்கே தெரியாது. ஆகவே ‘கடைசியில் திருந்தப்போகிறவன்’ என்று மனதில் வைத்து நடிக்க அவருக்கு வழியில்லை, இன்றைய வேலையை மட்டும்தான் நடிக்க முடியும். கொலையாளி வேடத்துக்கு அது நல்லதுதான்.

வேலை என்று சொன்னேன் அல்லவா, ‘பேரி’ தொடரின் வேரே அதுதான். பில் ஹேடர், அலெக் பெர்க் இருவரும் உருவாக்கியது, 2018 முதல் 2023 வரை. ஹேடர்தான் நாயகன். எட்டு வருடங்கள் பிரபலமான நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் நடித்தவர். நேரலையில் தோன்றும் ஒவ்வொரு முறையும் பதற்றம் தன்னைப் பிடித்து ஆட்டியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நன்றாக வரும் வேலையே தன்னை அரித்துத் தின்கிறது என்கிற அந்தச் சொந்த அவஸ்தையைத்தான் ராணுவத்திலிருந்து வந்து கூலிக்கொலையாளியான பேரிக்குக் கொடுத்தார். கொலை செய்து பார்த்தா நடிக்க முடியும்? தன்னிடம் இருக்கும் எதை அந்த இடத்தில் வைப்பது என்பதுதான் நடிகரின் தேடல்.

பேரி ஒரு நடிப்பு வகுப்பில் சேர்கிறான். முதல் பருவத்தின் ஏழாம் எபிசோடில், போலீசிடம் போய் உண்மையைச் சொல்லிவிடத் துடிக்கும் பழைய ராணுவ நண்பனை, மனைவியும் பிள்ளையும் உள்ளவனை, காருக்குள் வைத்துக் கொன்றுவிடுகிறான். அன்றிரவே மேடையில் ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகம். அரசி இறந்துவிட்டாள் என்று சேதி சொல்ல வேண்டும், மொத்த வேடமும் அந்த ஒரு வரிதான். இதுவரை மரக்கட்டையாக நின்றவன் அன்று அந்த வரியை உடைந்துபோய்ச் சொல்கிறான். அவனைப் பார்த்து எதிரே நிற்கும் நடிகைக்கும் நடிப்பு பொங்கி வருகிறது. எல்லோருக்கும் பாராட்டு. அவன் நல்ல நடிகனான முதல் நாள் அது. நண்பனின் சாவு அவனுக்கு ஆதாயமாகிவிட்டதைப் பார்த்துவிட்டு நாமும் கூடச் சேர்ந்து ரசித்திருக்கிறோமே என்று எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

‘பெண்களைத் தொடமாட்டேன்’ வகைக் கொள்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அது கொலையாளிக்கு எழுத்தாளர் தரும் நன்னடத்தைச் சான்றிதழ். அதை மீற வேண்டிய ஒரு நாளைக் காட்டுவதாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

முகபாவம் என்று வந்தால் ‘கில்லிங் ஈவ்’ முதல் காட்சி. 2018, ஃபீபி வாலர்-பிரிட்ஜ் எழுதிய பருவம். வியன்னாவில் ஓர் ஐஸ்கிரீம் கடை. ஜோடி கோமர் நடித்த கூலிக்கொலையாளி வில்லனெல் எதிரே உள்ள சிறுமியைப் பார்க்கிறாள். குழந்தை இவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கடைக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறது. வில்லனெல் அவன் சிரிப்பைக் கவனித்து, அதை அப்படியே தன் முகத்தில் போட்டுப் பார்க்கிறாள். குழந்தை சிரித்துவிடுகிறது. வெளியே போகும்போது குழந்தையின் ஐஸ்கிரீமை அதன் மேலேயே தட்டிக் கவிழ்த்துவிட்டுப் போகிறாள். வசனமே இல்லாமல் முழு ஜாதகமும் வந்துவிட்டது. மூன்றாம் பருவத்தில் அவளை ரஷ்யாவில் உள்ள குடும்பத்திடம் அழைத்துப்போய், தாய் எப்படிப்பட்டவள் என்று விளக்கினார்கள். பலருக்கு அந்த எபிசோட் பிடிக்கும். எனக்கு அந்த ஐஸ்கிரீமே போதுமாக இருந்தது.

பெரியபுராணத்திலும் இப்படி ஒரு கொலையாளி உண்டு. சிவனடியாரைக் கண்டால் வணங்கும் அரசர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், நீறு பூசி, சுவடிக் கட்டில் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு, ஆகமம் சொல்ல வந்தவனாகப் பள்ளியறை வரை போய்விடுகிறான். குத்துப்பட்ட அரசர் ‘தத்தா, நமர்’ (தத்தா, இவர் நம்மவர்) என்று காவலன் தத்தனைத் தடுத்து, அவனைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய் விடச் சொல்கிறார். புராணத்துக்கு அரசரின் பெருமை முக்கியம், முத்தநாதன் மனதில் என்ன ஓடியது என்பது தேவையில்லை. தொடர் எழுதுகிறவனுக்கோ அந்தக் கதையில் அந்த நடைதான் கண்ணில் நிற்கும். கொல்லத் திரண்ட ஜனங்களை விலக்கிக்கொண்டு, தான் குத்திய அரசனின் ஆளே தனக்குக் காவலாக வருகிறான். அவ்வளவு தூரமும் முத்தநாதன் எங்கே பார்த்தபடி நடந்திருப்பான்? என் கணக்கில் அது ஒரு முழு எபிசோட்.

என் ‘நபர் 1’ என்ன ஆனார் என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஆனார். வீட்டில் மின்விசிறி ஓடவில்லை, எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். கதவைத் தட்டியவனை எலக்ட்ரீஷியன் என்று நினைத்து, தாமதத்துக்காக நாலு வார்த்தை திட்டி உள்ளே அழைத்துப்போய், தானே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் அந்த இடத்தில் சுட்டுவிடுவதாக எழுதியிருந்தேன். மூத்த நடிகர் ஒத்துக்கொள்ளவில்லை.

“விசிறியைச் சரிசெய்துவிட்டுத்தான் சுடுவேன்.”

“ஏன் ஐயா?”

“ஸ்குரூடிரைவரைக் கையில் கொடுத்துவிட்டாரே, தம்பி.”

அப்படியே எடுத்தோம். நான்கு நிமிடக் காட்சி. வயரை முறுக்கும்போது அவர் விரல்கள் அவசரப்படவே இல்லை. வாத்தியார் சொல்லும் பழைய மாணவன் கதைக்கு ‘ம்’ கொட்டிக்கொண்டே வேலை செய்தார். ஒளிபரப்பில் நேரம் போதவில்லை என்று அதை ஒன்றரை நிமிடமாக வெட்டிவிட்டார்கள். மாணவன் கதை போய்விட்டது, திட்டு போய்விட்டது. ஆள் விழுந்த பிறகு காலி அறையில் விசிறி சுற்றுவது மட்டும் முழுசாக வந்தது.