ஜூலையில்தான் போக வேண்டும்

கேள்வி: அபுதாபியில் குடியிருக்கிறோம். இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியவில்லை, டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. 9 வயதில் ஒன்று, 5 வயதில் ஒன்று, இரண்டு பிள்ளைகளும் ஃபிளாட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். ஒரு பேரீச்சந்தோட்டத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றால், "இந்த வெயிலிலா? டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் வீட்டுக்காரர். அல் ஐனில் பல வருடம் இருந்தவர் நீங்கள், சொல்லுங்கள் அக்கா.
(வாசகி, அபுதாபி)

பதில்: போய் வாருங்கள், ஜூலை முடிவதற்குள். வெயிலுக்கு அவர் பயப்படுவது நியாயம்தான். ஆனால் டிசம்பரில் மரத்தில் பழம் இருக்காது. அல் ஐனுக்குக் குடிபோன முதல் வருடம், ஜனவரியில் ஸ்வெட்டரெல்லாம் போட்டுக்கொண்டு தோட்டம் பார்க்கப் போனோம். வரிசையாக மரம், தலை நிறைய ஓலை, அவ்வளவுதான். என் மகள் அண்ணாந்து பார்த்து, "பழமெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

காலில் தண்ணீர், தலையில் நெருப்பு, பேரீச்சைக்கு இரண்டும் வேண்டும் என்பது அரபிகளின் சொலவடை. பிப்ரவரி, மார்ச்சில் பாளை விடும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. காற்றை நம்பியிராமல், ஆண் பூச்சரத்தை வெட்டி எடுத்து, ஒவ்வொரு பெண் மரமாக ஏறிப் பாளைக்குள் செருகிக் கட்டுவார்கள். அந்தப் பிஞ்சு பழமாவதற்கு மே, ஜூன், ஜூலை வெயில் முழுவதும் தேவை. நகால் என்ற ரகம் முந்திக்கொண்டு ஜூனிலேயே வந்துவிடும். நாம் கடையில் தேடி வாங்குகிற கலாஸ் ஜூலையில் பழுக்கும்.

எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். என் கணவரின் முதலாளிக்கு ஒரு மஸ்ரா இருந்தது. தோட்டத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முதல் தடவை பகல் பதினோரு மணிக்குப் போய் இறங்கினோம். அரை மணி நேரத்தில் சின்னவன் தலை சுற்றி வாந்தி எடுத்துவிட்டான். காரில் ஏசியைப் போட்டு, ஈரத் துண்டால் துடைத்துத் துடைத்து அவனைத் தேற்றினேன். அதற்கப்புறம் எப்போதும் விடியற்காலைதான். உங்கள் ஊரிலிருந்து அல் ஐன் சுமார் 160 கிலோமீட்டர். நான்கு மணிக்குக் கிளம்பினால் வெளுக்கும்போது தோட்டத்தில் இருக்கலாம். ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுவிடுங்கள். ஓலையின் அடி மட்டையில் ஊசி மாதிரி முள் இருக்கும். கீழே கிடக்கும் ஓலையைச் சின்னவர் இழுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் தோட்டம் கிடைக்காவிட்டால், அல் ஐன் ஊருக்கு நடுவிலேயே பழைய பேரீச்சஞ்சோலை இருக்கிறது. 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. நுழைவுக் கட்டணம் இல்லை. நிழல் அவ்வளவு அடர்த்தி, வெளியே இருப்பதைவிடக் காற்று குளிர்ந்தே இருக்கும். பூமிக்கடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவரும் ஃபலாஜ் என்ற முறையைப் பிள்ளைகளுக்கு அங்கே காட்டலாம். தங்கள் முறை வந்ததும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வாய்க்காலைத் திறந்துவிடுவார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அங்கே உள்ள தோட்டங்கள் தனியாருடையவை, பழத்தைப் பறிக்கக் கூடாது.

மஸ்ராவுக்குப் போனால், ஒரு குலையைக் கிட்டத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பறவைக்குப் பயந்து வலைப்பை போட்டுக் கட்டியிருப்பார்கள். அதே குலையில் ஒன்று மஞ்சள் செங்காயாக, கடித்தால் மொறுமொறுவென்று துவர்க்கும். அதைக் கலால் என்பார்கள். பக்கத்தில் உள்ளது நுனியிலிருந்து பழுப்பாக இளகி வந்திருக்கும், அது ருதப். வாயில் வைத்தால் பாதி வெல்லப்பாகு, பாதி இளந்தேங்காய். மரத்திலேயே வற்றிச் சுருங்கினால் நாம் டப்பாவில் வாங்கும் தமர். உங்கள் பெரியவருக்கு மூன்றையும் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. எங்களுக்குப் பழம் இறக்கிக் கொடுத்தவர் பெஷாவர் பக்கத்துக்காரர். இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு கயிற்றுப் பட்டையைப் போட்டு, பின்னால் சாய்ந்துகொண்டே ஏறுவார். நான் திருச்செந்தூர் பனங்காட்டில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் காலில் தளைநார் போட்டு, மரத்தை மார்போடு அணைத்து ஏறுவார்கள். அவர் ஏறும்போது என் அப்பா ஞாபகம் வந்து கண் கலங்கியது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் உண்டு. அதனால் இந்த ஆட்களுக்குக் காலை நேரம்தான் வேலை நேரம். உங்களுக்காக ஒருவரை ஏறச் சொன்னால், அவருக்கும் ஒரு பாட்டில் குளிர்ந்த மோரும் சாப்பாடும் கட்டி எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஆடி மாதத்தில் மதுரையில் தள்ளுவண்டியில் மஞ்சள் பேரீச்சங்காய் விற்கிறார்களே, பழுக்காததையா விற்கிறார்கள்?
(வாசகர், மதுரை)

பதில்: மேலே சொன்ன செங்காய்தான் அது. குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து நிறைய வருகிறது. மரத்திலேயே கனிய விட்டால் பருவமழை பிடித்துக்கொண்டு பழத்தைக் கெடுத்துவிடும், அதனால் முன்பே அறுத்துவிடுகிறார்கள். நம் தருமபுரி அரியாகுளத்திலும் பேரீச்சை விளைகிறது. துவர்ப்பாக இருந்தால் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து எடுத்து வெளியே விடுங்கள், இளகி இனிப்பாகிவிடும்.

கேள்வி: தோட்டத்தில் சாப்பிட்ட பழத்தின் கொட்டையைத் தொட்டியில் போட்டிருக்கிறேன். காய்க்குமா ஆன்ட்டி?
(ஐந்தாம் வகுப்பு மாணவன், ஷார்ஜா)

பதில்: வளரும் கண்ணு. ஆனால் ஆணா, பெண்ணா என்று பூக்கிற வரைக்கும் தெரியாது, அதற்குச் சில வருடம் ஆகும். பெண்ணாகவே இருந்தாலும் நீ தின்ற அதே ருசி வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் தோட்டக்காரர்கள் கொட்டையை நடாமல், வாழைக்குப் பக்கக்கன்று எடுப்பது போல, தாய் மரத்தடியில் வரும் கன்றைப் பிரித்து நடுகிறார்கள். நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டே இரு, வெயில் படுகிற இடத்தில் வை. முதல் இலை பனங்கன்றைப் போல ஒற்றை ஓலையாகத்தான் வரும். புல் என்று நினைத்து யாரும் பிடுங்கிவிடாமல் அம்மாவிடம் சொல்லி வை.